பெயர் இருக்கிறது, படம் எங்கே?

வெளி மாநிலத்தில் தமிழர்கள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு சங்கம். சங்கம் என்றால் ஆண்டு விழா. ஆண்டு விழா என்றால் ஒரு மலர். வாழ்த்துச் செய்தி, விளம்பரம், பிள்ளைகளின் கவிதை, நடுவில் எட்டுப் பக்கம் போட்டோ. மலர் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் புரட்டுவது அந்த எட்டுப் பக்கத்தைத்தான் என்பதை அன்பர்கள் யாரும் மறுக்க மாட்டீர்கள். அதற்குப் பிறகு மலரும் மறந்துபோகும், அதைச் செய்த கணிப்பொறி பைலும் மறந்துபோகும். இருபது, இருபத்தைந்து வருடம் கழித்து வெள்ளி விழா வருகிறபோது செயற்குழுவில் ஒருவர் எழுந்து, "பழைய மலரிலிருந்து நாலு படத்தை எடுத்துப் போட்டுவிடலாமே!" என்பார். எடுத்துப் போடுவது அத்தனை சுலபம் அல்ல. அது ஏன் சுலபமாக இல்லை, அதற்கு நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி எனக்குச் சில கருத்துகள் உண்டு.

பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓசூர் சாலையில் எங்கள் பேட்டையைத் தாண்டி, சந்தாபுரா, அத்திப்பள்ளி என்று போனால் தமிழ்நாடு வந்துவிடும். காலையில் ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்து மாலையில் திரும்புகிறவர்கள் ஒரு கூட்டம். இங்கேயே மனை வாங்கி, வீடு கட்டி, பிள்ளைகளைக் கன்னடம் பேசும் பிள்ளைகளாக வளர்த்தவர்கள் இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது கூட்டத்தார் 1990களில் நடத்திய பொங்கல் விழாக்கள், நாடகங்கள், கோலப்போட்டிகள் எல்லாம் அந்த நாளைய மலர்களில் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் மஞ்சள் தட மெட்ரோ பொம்மசந்திரா வரை ஓடத் தொடங்கிய பிறகு, நகரத்துக்குள் குடிபோன பழைய நண்பர்கள் மறுபடி வந்து போக ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் கேட்டதெல்லாம் பழைய படங்களைத்தான். ஒரு தொகுப்பு மலர் போடலாம் என்று பேச்சு எழுந்தது. வேலையில்லாத ஆள் என்று என்னிடம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார்கள். உள்ளே ஒன்பது சி.டி., இருபதுக்கு மேல் பிளாப்பி.

பிளாப்பிகளில் பாதி படிக்கவே இல்லை. சி.டி.க்களில் இரண்டு மேல்பூச்சு உரிந்து போயிருந்தன. மீதியில் மலரின் பைல்கள் பேஜ்மேக்கரில் இருந்தன. சந்தாபுராவில் டி.டி.பி. வேலை செய்யும் ஒரு தம்பி, பழைய விண்டோஸ் போட்ட கணிப்பொறி ஒன்றைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார். அதில் திறந்தார்.

"சார், பைல் ஓப்பன் ஆகுது. படத்தைத்தான் கேக்குது."

"எந்தப் படத்தைத் தம்பி?"

"எல்லாப் படத்தையும் சார். எங்க வச்சீங்கன்னு கேக்குது."

பக்கம் முழுதும் எழுத்துகள் ஒழுங்காக இருந்தன. படம் இருக்க வேண்டிய இடத்தில் சில பக்கங்களில் வெறும் சாம்பல் நிறக் கட்டம்; சில பக்கங்களில் மங்கலாக, சதுரம் சதுரமாக உருவங்கள். கட்டத்துக்குக் கீழே அழகாக அச்சாகியிருந்தது: 'நாடகக் குழுவினர். நிற்பவர்கள் இடமிருந்து வலமாக...' பிறகு ஒன்பது பெயர்கள். அந்த ஒன்பது பேரில் நாலு பேர் இன்று இல்லை.

நடந்தது என்ன என்பதைக் கணிப்பொறி தெரியாத அன்பர்களுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன். 1985இல் ஆல்டஸ் என்ற அமெரிக்க நிறுவனம் பேஜ்மேக்கரைக் கொண்டுவந்தது. ஐந்நூறு வருடத்துக்கு முன் வெனிஸ் நகரில் புத்தகம் அச்சிட்ட ஆல்டஸ் மனூட்டியஸ் என்பவரின் பெயரைத்தான் நிறுவனத்துக்கு வைத்தார்கள். 1994இல் அதை அடோபி வாங்கியது. நம் ஊர்களில் அச்சுக் கோப்பவர்களின் இடத்தை டி.டி.பி. சென்டர்கள் பிடித்த காலம் அது. இந்த வகை மென்பொருளில் ஒரு பக்கத்தில் படத்தை வைக்கும்போது, படம் முழுதாகப் பக்கத்துக்குள் போவதில்லை. திரையில் பார்க்கப் போதுமான ஒரு மங்கலான நகலும், அசல் படம் எந்த டிரைவில், எந்த ஃபோல்டரில், என்ன பெயரில் இருக்கிறது என்ற முகவரியும் மட்டுமே பக்கத்துக்குள் போகும். அச்சுக்கு அனுப்பும்போது மென்பொருள் அந்த முகவரிக்குப் போய் அசலை எடுத்துக்கொள்ளும். இதற்குத்தான் லிங்க் என்று பெயர். முகவரியில் ஆள் இல்லையென்றால் பட்டியலில் அந்தப் படத்துக்கு எதிரே ஒரு கேள்விக்குறி. பேஜ்மேக்கருக்குப் பின் 1999இல் வந்த இன்டிசைனிலும் இதே ஏற்பாடுதான். அங்கே கேள்விக்குறி சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும்.

ஊரிலிருந்து வந்த கடிதம் 'முகவரிதாரர் வீடு மாறிவிட்டார்' என்று திரும்பிப் போவதை நம்மைப் போன்ற குடும்பங்கள் எத்தனை தடவை பார்த்திருக்கிறோம்! அதே கதைதான்.

படத்தையும் பக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். வைக்கலாம். 256 கிலோபைட்டுக்கு மேற்பட்ட படத்தை வைக்கும்போது பேஜ்மேக்கரே கேட்கும்: முழுப் பிரதியையும் உள்ளே சேர்க்கட்டுமா என்று. டி.டி.பி. காரர்கள் எல்லோரும் 'வேண்டாம்' என்றுதான் தட்டுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறுக்கு நாலு அங்குலப் போட்டோவை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் 1800 பெருக்கல் 1200, அதாவது 21 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பைட். அந்த ஒரு படமே 1.44 மெகாபைட் பிளாப்பியில் அடங்காது. அச்சுக்கான நாலு வண்ணம் என்றால் அதைப்போல நாலு மடங்கு. மலரில் எண்பது படம் இருந்தால்? அந்த நாள் கணிப்பொறி மூச்சுத் திணறிப் படுத்துவிடும். ஆகவே படத்தை வெளியே வைத்தது புத்திசாலித்தனம்தான். வேலை முடிந்தபின் பக்கத்தை மட்டும் சி.டி.யில் ஏற்றிக்கொடுத்து, படம் இருந்த ஃபோல்டரை விட்டுவிட்டதுதான் கேடு. அதை அவர் ஏற்றித் தர வேண்டும் என்று சங்கத்தில் யாரும் கேட்கவில்லை. பக்கத்துக்கு இவ்வளவு என்று பேரம் பேசினோம். பைலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மங்கல் நகலை வைத்தே ஒப்பேற்றலாமே என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். திரைக்கான நகல் அங்குலத்துக்கு 72 புள்ளி என்றால், அதே ஆறுக்கு நாலு படத்தில் 432க்கு 288 புள்ளிதான் தேறும். அசலில் இருந்ததில் பதினேழில் ஒரு பங்கு. முகம் ஒரு முகம் என்று தெரியும். யார் முகம் என்று தெரியாது. அச்சிட்ட மலரையே மறுபடி ஸ்கேன் செய்தால் ஆஃப்செட் புள்ளிகள் வலை வலையாகத் தெரியும். வேறு வழியே இல்லாதபோது செய்ய வேண்டிய காரியம் அது.

நாங்கள் தேட ஆரம்பித்தோம். தேடும்போதுதான் அந்தக் கேள்விக்குறிப் பட்டியல் பெரிய புதையல் என்பது விளங்கியது. படம் போய்விட்டாலும், அது இருந்த முழு முகவரியும் பட்டியலில் இருக்கிறது. 'சி' அல்லது 'டி' என்று தொடங்கினால் டி.டி.பி. சென்டரின் கணிப்பொறியிலேயே ஸ்கேன் செய்தது. 'ஏ' என்று தொடங்கினால் யாரோ பிளாப்பியில் கொண்டுவந்து, வேலை முடிந்ததும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று பொருள். 'ஏ' என்று தொடங்கிய படங்களுக்கு ஆளைத் தேட வேண்டும். டிஸ்க்கைத் தேடிப் பயனில்லை. அந்த நாளில் கணிப்பொறி வைத்திருந்த வீடுகள் எங்கள் காலனியில் மூன்றுதான் என்பதால் இரண்டு பிளாப்பிகள் கிடைத்தன, ஒன்று படித்தது. பைலின் தேதியும் உதவியது. ஒரே மாலையில் ஸ்கேன் ஆன படங்கள் பெரும்பாலும் ஒரே வீட்டு ஆல்பத்திலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்றின் சொந்தக்காரரைத் தெரிந்துகொண்டால் மற்றவையும் அங்கே இருக்கும்.

கிடைத்த படங்களையெல்லாம் ஒரே ஃபோல்டரில் போட்டு, ஒவ்வொன்றாகப் பக்கத்தோடு மறுபடி இணைத்தார் தம்பி. இன்டிசைனில் ஒரு படத்தைக் காட்டிக்கொடுத்தால் அதே ஃபோல்டரில் இருக்கும் மற்றவற்றையும் பெயரைப் பார்த்துத் தானே பிடித்துக்கொள்ளும். சி.எஸ்.6 வரையிலான இன்டிசைன்தான் பேஜ்மேக்கர் பைலைத் திறக்கும் என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். அதற்குப் பிந்தைய பதிப்புகளோடு மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்க வேண்டாம். பழைய தமிழ் எழுத்துரு கணிப்பொறியில் இல்லாவிட்டால் எழுத்துகளும் கோடும் கொக்கியுமாகத் தெரியும். அது இன்னொரு பெரிய புலம்பல், இன்னொரு கட்டுரைக்கு ஆகும்.

தானே பிடித்துக்கொள்ளும் என்றேன் அல்லவா? அதில்தான் ஆபத்து. விண்டோஸ் 95 வரும்வரை பைல் பெயருக்கு எட்டு எழுத்துதான் இடம். அதனால் 'ஸ்கேன்1', 'ஸ்கேன்2', 'போட்டோ3' என்றே எல்லா வருடத்துப் படங்களுக்கும் பெயர். டிஜிட்டல் கேமரா வந்தும் நிலைமை மாறவில்லை. எந்தக் கேமராவை வாங்கினாலும் 0001இல் தொடங்குகிறது. ஒரு மலரின் நினைவஞ்சலிப் பக்கத்தில் கேள்விக்குறி மறைந்து படம் வந்ததும் எல்லோருக்கும் சந்தோஷம். புரூஃப் தாள் வந்து பார்த்தால், மறைந்த பெரியவரின் பெயருக்கு மேலே, முந்தின நாள்தான் என்னோடு டீ குடித்தவர் சிரித்துக்கொண்டிருந்தார்! வேறொரு வருடத்து 'ஸ்கேன்3' வந்து உட்கார்ந்துவிட்டது. மென்பொருளைக் கேட்டால் எல்லா லிங்க்கும் சரி என்கிறது. அதற்குப் பெயர் தெரியும், முகம் தெரியாது. காணாமற்போன படமாவது கேள்விக்குறி போட்டுக் கூப்பிடுகிறது. தவறான படம் வாயைத் திறக்காது. ஆகவே இணைப்பு வேலை முடிந்தபின் பழைய ஆட்கள் இரண்டு பேர் உட்கார்ந்து, பக்கம் பக்கமாக முகத்தையும் பெயரையும் ஒத்துப் பார்த்தே ஆக வேண்டும். ஐம்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களால் இது முடியாது. எழுபதுக்கு மேலே உள்ளவர்கள் நமக்காக எத்தனை நாள் காத்திருப்பார்கள்?

முதலில் சொன்ன நாடகக் குழுப் படத்துக்கு வருகிறேன். அதன் அச்சுப் பிரதி ஓசூரில் ஓர் அம்மையார் வீட்டு ஆல்பத்தில் கிடைத்தது. அவருடைய கணவர்தான் அந்த நாடகத்தில் ராஜா. மலரில் ஒன்பது பெயர். படத்தில் எண்ணிப் பார்த்தால் பத்துத் தலை. அதோடு, ராஜா வேடத்தில் இருப்பவர் இடமிருந்து மூன்றாவது என்கிறது மலர். படத்தில் வலமிருந்து மூன்றாவதாக நிற்கிறார். எங்களுக்குத் தலை சுற்றியது. தம்பிதான் கண்டுபிடித்தார். "சார், சட்டைப் பையைப் பாருங்க." வேடம் போடாதவர்களின் சட்டைப் பை அவர்களுடைய வலது மார்பின் மேல் இருந்தது. நெகட்டிவைத் திருப்பிவைத்துப் பிரதி எடுத்திருக்கிறார்கள். படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாறிவிட்டது. மலருக்கு ஸ்கேன் செய்தவர் அதைச் சரியாகத் திருப்பிக்கொண்டுதான் பெயர் போட்டிருக்கிறார். பழைய படம் கையில் வந்தால் சட்டைப் பை, புடவைத் தலைப்பு, பின்னால் தொங்கும் பேனர் எழுத்து இந்த மூன்றையும் பாருங்கள். பேனர் இருந்தால் சந்தேகமே வராது.

பத்தாவது தலை யார்? அம்மையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவரா! இவர் நம்ம மைக்செட்காரர், கன்னடக்காரர். நாடகம் முடியற வரைக்கும் ராத்திரி பன்னெண்டு மணிக்கு இருந்து லைட்டைக் கழட்டிட்டுப் போனார். காசு கூட வாங்கலை" என்றார். பெயரையும் சொன்னார். முப்பது வருடம் மலரில் இல்லாத பெயர் அது. அந்த அம்மையாரைக் கேட்காமல், கணிப்பொறியில் அந்தப் பழைய ஸ்கேனே பத்திரமாக இருந்து, அப்படியே எடுத்துப் போட்டிருந்தால் இப்போதும் இல்லாமல்தான் போயிருக்கும்.

இனி என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலையில் ஒரு போல்ட்டின் வரைபடம்கூட எண் இல்லாமல், திருத்தத் தேதி இல்லாமல், சேர்ந்த தாள்கள் இல்லாமல் வெளியே போகாது. ஆட்டோகேடில் ஒரு வரைபடம் இன்னொரு வரைபடத்தை வெளியிலிருந்து இழுத்துக்கொள்ளும்; இழுத்த பைல் கூட இல்லையென்றால் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். ஒரு போல்ட்டுக்குக் கிடைக்கிற அந்த மரியாதை, நம் சங்கத்தைத் தோளில் சுமந்தவர்களின் முகத்துக்குக் கிடைக்கவில்லை.

'பி.டி.எஃப். இருக்கிறதே, போதாதா?' என்பது எல்லாச் செயலாளர்களும் சொல்லும் பதில். அச்சகத்துக்கென்று செய்த பி.டி.எஃப். என்றால் ஓரளவு போதும். படங்கள் அதற்குள்ளேயே இருக்கும். ஆனால் நம்மிடம் மிஞ்சுவது எது? அன்பர்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பச் சுருக்கியது. அதில் படமும் சுருங்கிவிட்டது. வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பிய போட்டோவும் அப்படித்தான். போகிற வழியிலேயே பாதி உயிர் போய்விடுகிறது. மேலும் பக்கத்தில் இடமில்லை என்று ஓரத்தில் நின்றவர்களை வெட்டிவிட்டுத்தான் படம் போட்டிருப்பார்கள். வெட்டுப்பட்டவர் அசலில் மட்டும்தான் இருக்கிறார்.

ஆகவே சங்கங்கள் டி.டி.பி. வேலை கொடுக்கும்போதே விலைப்பட்டியலில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: பக்கங்கள், அசல் படங்கள், எழுத்துருக்கள் அடங்கிய முழு ஃபோல்டரையும் ஒப்படைத்தால்தான் கடைசித் தவணை. செய்பவருக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. இன்டிசைனில் பேக்கேஜ் என்று ஒரு கட்டளை எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் திரட்டிக் கொடுக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் ஸ்கிரைபஸிலும் இப்படித் திரட்டும் வசதி உண்டு. அதன் பைல் வெறும் எழுத்தாகவே இருப்பதால் எந்தப் படம் எங்கே என்பதை எந்தக் காலத்திலும் திறந்து படிக்கலாம். ஒப்படைத்த ஃபோல்டரை வேறொரு கணிப்பொறியில் திறந்து, கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். செய்த கணிப்பொறியிலேயே திறந்து பார்த்துத் திருப்தி அடைவதில் அர்த்தமில்லை; அங்கே எல்லாம் சரியாகத்தான் தெரியும்! படத்துக்குப் பெயர் வைக்கும்போது வருடம், நிகழ்ச்சி, ஊர் மூன்றும் அதில் வர வேண்டும். யார் யார் என்ற விவரம் அதே ஃபோல்டரில் ஒரு தனிப் பைலாக இருக்கட்டும். பிரதி ஒன்று செயலாளரிடம் இருந்தால், இன்னொன்று செயலாளருக்குப் பிடிக்காதவர் வீட்டில் இருப்பது நல்லது. தேர்தலில் யார் ஜெயித்தாலும் படம் பிழைக்கும்.

செலவு, வேலை என்று தயங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் திட்ட உதவியோடு, தமிழகத்துப் பழைய போட்டோ ஸ்டூடியோக்களின் படங்களைத் தேடிப் பிடித்துக் கணிப்பொறியில் ஏற்றியது. குடும்பப் படங்கள்தான், கல்யாணம், குழந்தை, தாத்தா பாட்டி. வெளிநாட்டு நூலகம் ஒன்று பாதுகாக்கத் தக்கது என்று நினைத்த அதே மாதிரிப் படங்கள்தான் நம் பிஸ்கட் டின்னில் கிடக்கின்றன. ஈழத் தமிழ் அன்பர்கள் 2005இலிருந்து நூலகம் என்ற பெயரில் தங்கள் பழைய இதழ்களையும் மலர்களையும் வலையில் ஏற்றி வருகிறார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் அது; பிரதி எடுத்து வைப்பதன் அருமையை யாரும் அவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எங்கள் தொகுப்புக்கு வேண்டிய படங்களில் பெரும்பாலானவை கிடைத்துவிட்டன. மூன்றுக்கு எதிரே இன்னும் கேள்விக்குறி நிற்கிறது. ஒன்று, 1996 பொங்கல் விழாவின் கோலப்போட்டி. பரிசு வாங்கிய ஆறு பெண்களின் பெயர் இருக்கிறது, ஒரு முகம்கூட இல்லை. இரண்டாவது, 1998இல் பிள்ளைகளை மைசூருக்கு அழைத்துப்போன சுற்றுலாவில் பஸ்ஸுக்கு முன்னால் எடுத்த படம். மூன்றாவது, தமிழ் வகுப்பின் முதல் நாள். முகவரி 'ஏ' என்று தொடங்குகிறது, பைலின் பெயர் 'கிளாஸ்1'. அந்தக் காலத்தில் பொம்மசந்திரா, ஹெப்பகோடி, சந்தாபுரா பக்கம் குடியிருந்த அன்பர்கள் ஆல்பத்தைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்கேனரோடு நான் வீட்டில்தான் இருப்பேன். படத்தை உங்கள் கண்ணெதிரே ஸ்கேன் செய்து அப்போதே திருப்பித் தந்துவிடுகிறேன். படத்தில் இருப்பவர்களின் பெயரை மட்டும் தெரிந்தவரை எழுதிக் கொண்டுவாருங்கள். கலர் பிரிண்டின் பின்பக்கம் எழுத வேண்டாம், பென்சில் ஏறாது, பேனா மை முன்பக்கம் ஒட்டிக்கொள்ளும். துண்டுத் தாளில் எழுதி, படத்தோடு அதே கவரில் போட்டால் போதும்.